பதுளைக்கு வழி கேட்டவர்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய தாயார் பிறந்தது பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிரகாரம் குடும்பம் தமிழகம் சென்றபோது அம்மாவுக்குப் பதினொரு வயது. “அம்மா நடமாடும்போதே ஒரு தடவை அழைத்துச்சென்று காண்பிக்க வேண்டும். எப்படிப் போவது, யாரிடம் கேட்பது என்று எழுதுங்கள் ஐயா” எனக் கேட்டிருந்தார்.

பதுளை என்று இணையத்தில் தேடினால் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, லிப்டன் சீட் என்று பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. அவருக்கு வேண்டியது அதுவல்ல. அவரைப்போல் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதனால் பதிலை இங்கேயே எழுதுகின்றேன்.

முதலில் தோட்டத்தின் பெயர். மலையகத்தில் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, எங்கள் மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் மற்றொன்று. அம்மாவுக்கு நினைவிலிருப்பது தமிழ்ப்பெயராக இருக்கும். தேசப்படத்தில் இருப்பதோ ஆங்கிலப் பெயர். வீட்டில் பழைய கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ இருந்தால் தேடிப்பாருங்கள், ஆங்கிலப் பெயர் அதில் பதிவாகியிருக்கக்கூடும். பழைய பெர்குசன் டைரக்டரிகளிலும் தோட்டங்களின் தமிழ்ப்பெயர்கள் உண்டு. மேற்கணக்கா, கீழ்க்கணக்கா என்பதையும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே தோட்டத்தின் இரண்டு கணக்குகளுக்கு இடையில் ஒரு மலையே கிடக்கும்.

அடுத்தது பயணம். விமானத்தில் கொழும்புக்கு வரலாம். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் ஆரம்பித்து, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பலும் உண்டு. வானிலை சரியில்லையெனில் அது ஓடாது. வடக்கிலிருந்து ரயிலில் வருபவர்கள் பொல்காவலையில் இறங்கி பதுளை ரயிலுக்கு மாறவேண்டும். மட்டக்களப்புப் பக்கமிருந்து வருவோருக்குச் செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகத் தரைப்பாதை இருக்கிறது. கொழும்பிலிருந்து 99 ஆம் இலக்க பஸ்ஸும் வருகிறது. ஆயினும் பகலில் பயணம் செய்யுங்கள். 2021 மார்ச்சில் பசறையிலும் 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் போயின.

கொழும்பு கோட்டையிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளும் மலையக ரயில் பாதை பதுளையில்தான் முடிகிறது. 1924 இல் அது இங்கே வந்து சேர்ந்தது. முன்பதிவு இருக்கைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். இடைத்தரகர்களிடம் ஏமாறவேண்டாம், முன்பதிவற்ற பயணச்சீட்டை அன்றைய தினமே நிலையத்தில் வாங்கலாம். எந்தப் பக்கம் அமர்ந்தால் காட்சி நன்றாயிருக்கும் என்று கேட்பார்கள். நான் இதுவரையில் அமர்ந்தது நெரிசலில் கிடைத்த பக்கத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இப்பாதை பல இடங்களில் சிதைந்தது. எனவே, எந்த நிலையம் வரையில் ரயில் ஓடுகிறது என்று விசாரித்த பின்னரே புறப்படுங்கள்.

உல்லாசப் பயணிகளில் பெரும்பாலானோர் எல்லயில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் இறங்கவேண்டாம். தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தனது நிலையத்திற்குக் கீழேயே சுரங்கத்தினுள் நுழைந்து செல்லும். பிறகு ஹாலி-எல, பதுளை. அம்மாவை யன்னலோரம் அமர்த்துங்கள். 1964 ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அவர்களைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தம் அல்ல அது. அவர்களில் எத்தனையோ பேர் இந்தப் பாதையில்தான் தலைமன்னார் சென்று கப்பலேறினார்கள். மேடையில் நின்று அழுதவர்களின் குரலால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது.

காலநிலை பற்றியும் சொல்லவேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில் ஊவாவில் மழையும் மண்சரிவும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணமேறுவதும் அப்பொழுதுதான். அப்பருவத்தில் வாருங்கள். அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் குளிராடை வேண்டும், பதுளை நகரில் வேண்டியதில்லை. புல்லில் நடந்தால் அட்டை கடிக்கும். அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும்.

தோட்டத்திற்கு ஞாயிற்றுக்கிழமை செல்லுங்கள். மற்றைய நாட்களில் பெண்கள் மலையில் நிற்பார்கள். உங்களோடு பேச நின்றால் கொழுந்தின் நிறை குறையும், அன்றைய பேர் அரையாகலாம். நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ஆக உயர்த்தி, அரசு மேலும் 200 ரூபா தருவதாக 2026 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் சொன்னது. அந்தக் கணக்கில் பேசுபவர்கள் அவர்கள். தோட்டத்துக் கோயிலடியில் மூத்தவர் ஒருவரைத் தேடி, தாத்தாவின் பெயரையும் அவருடைய கங்காணியின் பெயரையும் சொல்லுங்கள். லயம் இருந்த இடத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் தனிவீடுகளோ, வெறும் கருங்கல் அத்திவாரமோ இருக்கவும் கூடும். அம்மாவை முன்கூட்டியே தயார்படுத்திவிடுங்கள்.

படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். இதனைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

1970களின் நடுப்பகுதியில், இளம் நிருபராகப் பசறைப் பக்கத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். லயத்து இஸ்தோப்பில் ஒரு தாய், மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுமி. சாயத்தண்ணி கொடுத்து உபசரித்தார். படம் எடுத்தேன். “எங்களுக்கு ஒண்ணு அனுப்புவீங்களா ஐயா? நாங்க ஒரு படமும் புடிச்சதில்ல” என்றார். கட்டாயம் அனுப்புவேன் என்றேன். படம் பத்திரிகையில் வந்தது, “மலையகத்தின் புன்னகை” என்ற தலைப்புடன். அத்தலைப்பை எழுதியவனும் நான்தான். பிரதியை மேசை லாச்சியில் போட்டுவைத்து மறந்துபோனேன்.

எட்டு மாதங்கள் கழித்து வேறொரு செய்திக்காக அங்கு செல்ல நேர்ந்தபோது படத்தையும் எடுத்துச்சென்றேன். காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது.

“அவுங்க போன மாசமே கப்பலுக்குப் போயிட்டாங்களே” என்றார் அயல்வீட்டுப் பெரியவர். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “இது வரும் வரும்னு அந்தப் புள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க” என்று சொல்லித் திருப்பித் தந்தார். எந்த ஊருக்குச் சென்றார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை.

அந்தப் படம் இன்னமும் என்னிடத்தில் இருக்கிறது. கோத்தகிரி அன்பருக்கு இதனை ஸ்கான் செய்து அனுப்பியிருக்கின்றேன், அம்மாவிடம் காண்பிக்கச் சொல்லி.