மேடை வேண்டாம், பொறுப்பு கொடுங்கள்

“பிளஸ் ஒன் போனதிலிருந்து வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடுவதில்லை சார்” என்று பெற்றோர் வருத்தப்படாத ஆண்டே இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக அந்தப் பிள்ளைகளோடு முகாம்களில் தங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்களுடைய இரக்கம் வற்றிவிடவில்லை. கூட்டாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான் அதை மறைக்கிறது.

காய்ச்சலில் கிடக்கும் நண்பனுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுக்கிறவனே, அம்மா சொன்னால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க மாட்டான். இந்த வயதில் பரிவு முதலில் நட்பு வட்டத்துக்குள்தான் பாய்கிறது. ஆனால் உள்ளே இன்னொன்றும் வளர்கிறது. ஒரே பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து பெரியவர்களாகும்வரை ஆராய்ந்த நான்சி ஐசன்பர்க் என்ற உளவியல் அறிஞர், அடுத்தவர் நிலையில் நின்று யோசித்து உதவக் காரணம் சொல்வது வயதோடு கூடிவருவதைக் கண்டார்.

அந்த வளர்ச்சிக்கு இடம் கொடுப்பது நாட்டு நலப்பணித் திட்டம். 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது அது. சான்றிதழுக்காகச் சேர்கிறவர்களும் உண்டு, சேரட்டும். பரிவு நட்பு வட்டத்தைத் தாண்டி வர, ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்தோடு ஒட்டியிருந்தால் போதும்.

ஒரு முகாமில் ஊர்ப் பெரியவர்களுக்குப் பந்தி வைத்தோம். வகுப்பில் யாருக்கும் அடங்காத பையன் சாம்பார் வாளியோடு வந்தான். ஒரு பாட்டி சோற்றை விரலால் அளைந்துகொண்டே இருந்தார். பார்த்தவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். அண்டாவில் குழைந்திருந்த சோறாகப் பார்த்து அள்ளி, ரசம் விட்டுக் கரண்டியால் மசித்துக் கொண்டுவந்தான். “இதச் சாப்பிடுங்க பாட்டி, நல்லா கொழைவா இருக்கு.” பாட்டிக்குப் பல் இல்லை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

நான் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அன்றிரவு கூட்டத்தில் அவனை எழுப்பிக் கைதட்ட வைத்திருந்தால், கேலிக்கு அஞ்சி அடுத்த பந்தியில் அவன் வாளியையே தொட்டிருக்க மாட்டான்.

அதனால் முகாமில் வேலை பிரிக்கும்போது, தெருவோடு அங்கே வசிக்கும் ஓர் ஆளையும் சேர்த்தே ஒப்படைப்பேன். “இந்த வீட்டுத் தாத்தாவுக்கு என்ன வேணும்னு நீதான் கேட்டுக்கணும்” என்றால் போதும். இரண்டாம் நாளே அவருடைய மாத்திரை வேளை அவனுக்கு அத்துப்படி.

பெற்றோரிடம் நான் கேட்பதும் இதைத்தான். “உதவி செய்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தாத்தாவின் கண் மருந்தையோ தங்கையின் கணக்குப் பாடத்தையோ முழுதாகப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். அவன் செய்வதை உறவினர் முன்னால் எடுத்துச் சொல்லிக் கூச வைக்காதீர்கள்.