ஜப்பான் போகிறீர்களா? இரண்டு ஊர் போதும்

"எட்டு நாள்ல டோக்கியோ, ஹக்கோனே, கியோட்டோ, நாரா, ஒசாக்கா, ஹிரோஷிமா எல்லாத்தையும் பார்த்துடலாமா?" ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினாலே வானொலி நிலைய வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வந்து விழும். யார் யார் போகிறீர்கள் என்று கேட்டால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முட்டிவலியுள்ள பாட்டி என்று பதில் வரும். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். தாராளமாகப் போகலாம்; ஆனால் பாட்டி பார்க்கப் போவது ஆறு ஊர்களின் இரயில் நிலையங்களை மட்டும்தான்.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். போக ஒரு நாள், வர ஒரு நாள். மிச்சமிருப்பது ஆறு நாள். ஜப்பானிய விடுதிகளில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் அறை கிடைக்கப் பிற்பகல் 3 மணி ஆகும். ஒவ்வோர் ஊர் மாற்றமும் பாதி நாளை விழுங்கிவிடும். ஆகவே டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் மூன்று இரவு, அவ்வளவுதான். நாராவுக்கும் ஒசாக்காவுக்கும் கியோட்டோவிலிருந்தே காலையில் போய் மாலையில் திரும்பலாம். விமான டிக்கெட்டையும் டோக்கியோவில் இறங்கி ஒசாக்காவின் கன்சாய் நிலையத்தில் ஏறுவதுபோல் எடுங்கள். வந்த வழியே திரும்பும் செலவும் அலைச்சலும் மிச்சம்.

இப்படிப் போகிறவர்களுக்கு, பழைய யூடியூப் காணொலிகள் இன்னும் புகழ்ந்து தள்ளும் ஜேஆர் பாஸ் தேவையில்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் கட்டணம் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென்தான். கணக்கு உங்களுக்கே புரியும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி இருக்கை எடுக்காவிட்டால் கட்டணம் இல்லை. 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். டிக்கெட் எடுக்கும்போது வலப்பக்க ஜன்னலோரத்து 'ஈ' இருக்கையைக் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை தெரியும். தூங்கிவிடாதீர்கள்.

பெட்டி விஷயத்தில்தான் நம்மவர்கள் திண்டாடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், இந்தத் தடத்து ஷிங்கான்சென்னில் பெரிய பெட்டிக்கான இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். அதைவிட நல்ல வழி 'தக்யூபின்'. டோக்கியோ விடுதி வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால், பெரும்பாலும் மறுநாளே கியோட்டோ விடுதிக்கு வந்து சேரும். ஒரு பெட்டிக்குச் சில ஆயிரம் யென் ஆகலாம். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் அம்மா என்று படியேறிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காசு பெரிதாகத் தெரியாது. ஓர் இரவுக்கான துணியை மட்டும் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். ஷிஞ்சுகு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள். மின்தூக்கி இருக்கும், ஆனால் எல்லா வாசலிலும் இருக்காது. தவறான வாசலில் வெளியேறினால் கால் மணி நேர நடை கூடிவிடும். பெற்றோருடன் போனபோது என் கைக்கடிகாரம் முதல் நாளே 19,000 அடி காட்டியது. மறுநாளிலிருந்து கூகல் மேப்ஸில் வாசல் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கிளம்பினார். விடுதியையும் நிலையத்தின் பக்கத்திலேயே எடுங்கள். அறை சிறிதாக இருந்தால் பரவாயில்லை. எப்படியும் சிறிதாகத்தான் இருக்கும். கியோட்டோ நகரப் பேருந்தில் தலைக்கு 230 யென். நான்கு பெரியவர்கள் என்றால் 920. குறுகிய தூரத்துக்கு டாக்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும், கூட்டத்தில் நசுங்கவும் வேண்டாம். கதவைத் தொடாதீர்கள், ஓட்டுநரே திறப்பார்.

சாப்பாட்டுக்கு வருவோம். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் சைவம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே இறைச்சிக் கணக்கில் மீன் சேராது. 'தாஷி' என்ற சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை. காய்ந்த மீனைச் சீவிப் போட்டு இறக்குவார்கள். மிசோ சூப், உடோன் நூடல்ஸ், சில இடங்களில் முட்டைப் பொரியலில்கூட அது இருக்கும். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்கள் கறிச் சோற்றிலும் கவனமாக இருக்க வேண்டும். குழம்புக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்பு சேர்ந்திருப்பது உண்டு. இறைச்சி, மீன், மீன்சாறு எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியத்தைக் கைப்பேசியில் வைத்துக் காட்டுங்கள். புத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' முழுச் சைவம். கியோட்டோவில் ஒரு வேளையாவது முன்பதிவு செய்து சாப்பிட்டுப் பாருங்கள். டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே டீஸ் டான்டான் என்ற கடையில் சைவ ராமென் கிடைக்கிறது. அவசரத்துக்கு மினி மார்க்கெட்டின் சோற்று உருண்டை, அதாவது 'ஒனிகிரி'. உள்ளே 'உமே' வைத்ததை எடுத்தால் நம் ஊறுகாய்ச் சோறு மாதிரியே இருக்கும். அதிலும் மீன்சாறு கலந்திருக்கலாம் என்பதால் லேபிளைக் கேமராவால் மொழிபெயர்த்துப் பாருங்கள். என் அம்மா வெள்ளிக்கிழமை விரதத்தை இதை வைத்துத்தான் சமாளித்தார். கூடவே எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலமும் கொண்டுபோயிருந்தார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மருந்தை மறக்காதீர்கள். பெரியவர்களின் அன்றாட மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மேற்படாமல், மருத்துவர் சீட்டோடு கொண்டு போகலாம். ஆனால் நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில சளி மருந்துகளில் உள்ள சூடோஎஃபிட்ரின் அளவு பத்து விழுக்காட்டைத் தாண்டினால் அங்கே தடை. மருந்துக் கடையில் கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

டிசம்பரில் போகிறவர்கள் பொழுதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். கோயில்கள் பலவும் 4 அல்லது 5 மணிக்குள் மூடப்படும். காலை 10 மணிக்குக் கிளம்பினால் பாதிப் பொழுது போயிருக்கும். ஜனவரி முதல் மூன்று நாள்களில் பல கடைகள் திறக்காது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையும் ஆகஸ்ட் நடுவிலும் ஜப்பானியர்களே ஊர் சுற்றுவார்கள். அந்த நாள்களில் அறை வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும்.

கடைசியாக, அரை நாளையாவது எழுதாமல் காலியாக விடுங்கள். அது வீட்டில் மூத்தவருக்கு. எங்கே போக ஆசை என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். என் அப்பா ஃபூஜியையும் கேட்கவில்லை, டிஸ்னியையும் கேட்கவில்லை. ரென்கோஜி கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி எனக் கருதப்படுவது 1945 முதல் அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அவர் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். எங்கள் தாத்தாவின் அண்ணனும் அதில் ஒருவர். சுற்றுலா நிறுவனங்களின் பட்டியலில் இந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. ஷிஞ்சுகுவிலிருந்து மருனோஉச்சி தடத்தில் நான்காவது நிறுத்தம் ஹிகாஷி கோயென்ஜி. அங்கிருந்து சிறிது தூரம் நடை, வழியில் ஒரு பூங்கா. பிரதான மண்டபம் பெரும்பாலும் பூட்டியிருக்கும், வளாகத்தில் உள்ள மார்பளவுச் சிலையைப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. 1957-இல் நேரு வந்து போன இடம். அமைதியான குடியிருப்புப் பகுதி என்பதால் சத்தமாகப் பேச வேண்டாம். அப்பா பேசவே இல்லை, சிலைக்கு எதிரே அரை மணி நேரம் நின்றிருந்தார். முட்டி வலிப்பதாக அன்றைக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.