எலும்பு வளர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



லால்குடியில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் நாம் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டோம். அக்காலம் முழுவதும் நமது பற்களை ஓர் அருட்கொடையாக எண்ணி ஒருநாளும் நன்றி செலுத்தியதாக நினைவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன், மழைக்கால விடியல் ஒன்றில், சுபுஹுத் தொழுகைக்கு உளூச் செய்யச் சென்றபோது ஹவுழின் படியில் கால் வழுக்கி விழுந்தோம். மேல்வரிசை முன்பல் ஒன்று வேர்வரை பிளந்தது. அதனை அகற்றிய மருத்துவர், "இடத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள், விரைவில் வாருங்கள்" என்று சொல்லியனுப்பினார். நாம் செல்லவில்லை.

செல்லாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, செலவு. மற்றொன்று, அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பதாகி விடுமோ என்ற தயக்கம். அத்தயக்கத்தை எவரிடமும் கேட்டுத் தெளியாமல் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டோம். கழற்றி மாட்டும் பல் ஒன்றைச் செய்துகொண்டு ஒன்றரை ஆண்டுகளைக் கடத்தினோம். ஓதும்போது அது அசைந்தமையால் வகுப்பில் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

தஜ்வீது கற்றவர்கள் இதன் விளைவை அறிவார்கள். கீழுதட்டின் உட்புறம் மேல் முன்பற்களின் நுனியைத் தொடும்போது 'ஃபா' பிறக்கிறது. நாவின் நுனி அப்பற்களின் விளிம்பைத் தொடும்போது மூன்று புள்ளி 'ஸா'வும், புள்ளி வைத்த 'தால்', 'ளா' ஆகியனவும் பிறக்கின்றன. ஒரு பல் இல்லாத இடத்தில் காற்று வழிதவறி ஓடுகிறது.

ஒருநாள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பாடம் ஒப்புவித்தான். அவனது 'ஸா' சீழ்க்கையாக ஒலித்தது. அவனுக்கோ வாய் நிறையப் பற்கள். "ஏனப்பா இப்படி ஓதுகிறாய்?" என்று கேட்டோம். "நீங்கள் இப்படித்தானே ஓதிக்காட்டினீர்கள், ஹஜ்ரத்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. கேட்டதைக் கேட்டபடியே அமானிதமாகத் திருப்பித் தந்தான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அப்போதுதான் அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தி நினைவுக்கு வந்தது. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவர்கள் தமது மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தியபோது அது நாற்றமடித்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்துகொள்ளுமாறு பணித்தார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெற்றுள்ள செய்தி இது. அறிஞர்கள் பலர் தம் பற்களைத் தங்கத்தால் கட்டிக்கொண்டார்கள் என்றும் இமாம் திர்மிதீ குறிப்பிடுகிறார்கள். இழந்த உறுப்பை ஈடுசெய்வது படைப்பை மாற்றுவதன்று; உடல் ஏற்கும் பொருளைத் தேடுவதும் குற்றமன்று. இந்த ஹதீஸை எத்தனையோ மாணவர்களுக்கு நடத்தியிருந்தும் நம் வாய்க்கு அதனைப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டோம்.

மறுவாரமே பேருந்தேறி, கொள்ளிடமும் காவிரியும் கடந்து திருச்சிக்குச் சென்றோம். பல் மருத்துவர் இளவயதுப் பெண்மணி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்வைப்பு பதிக்கப் போதிய எலும்பு இல்லை, ஐயா" என்றார். வேர் இருக்கும்வரையில்தான் அதைத் தாங்கும் எலும்புக்கு வேலை உண்டாம். வேர் போனபின் முதல் ஓராண்டிலேயே எலும்பின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். மேல் முன்பற்களின் வெளிப்புற எலும்போ பலருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. நம் தயக்கம் தின்றது நாட்களை மட்டுமன்று, எலும்பையும்தான் என்பது அன்று விளங்கியது.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க், 1952-ஆம் ஆண்டு முயலின் காலெலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்ற முயன்றபோது கழற்ற இயலவில்லை. எலும்பு அவ்வுலோகத்தோடு ஒன்றியிருந்தது. 1965-இல் முதல் மனிதருக்கு அம்முறையில் பல் பதிக்கப்பட்டது. அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, 2006-இல் இறக்கும்வரை, அப்பற்களால் உண்டார். ஆனால் உலோகம் பற்றிக்கொள்வதற்கு எலும்பு வேண்டுமே! அதனை வளர்க்கும் முறையையும் மருத்துவர் விளக்கினார்.

குறைந்த இடத்தில் எலும்புத்துகள்களை நிரப்ப வேண்டும். அதன்மேல் மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி ஈறைத் தைத்துவிட வேண்டும். ஈறின் செல்கள் விரைந்து வளர்பவை. எலும்பின் செல்கள் மெதுவாக வருபவை. தடுப்பு இல்லையெனில் ஈறு முந்திக்கொண்டு இடத்தை நிரப்பிவிடும். எலும்பு வந்து சேரும்வரை அவ்விடத்தைக் காத்து வைப்பதே சவ்வின் வேலை. 1988-இல் சுவீடனில் எலிகளிடம் செய்த ஆய்வில் இது தெளிவாகக் காட்டப்பட்டது.

"சவ்வு எதனால் செய்யப்பட்டது, அம்மா?" என்று கேட்டோம். மருத்துவர் சற்றே தயங்கி, "உலகில் அதிகம் பயன்படும் சவ்வுகளில் ஒன்று பன்றியின் கொலாஜன்; துகள் மாட்டெலும்பு" என்றார். தொடர்ந்து, "நீங்கள் கேட்டது நல்லது. பலர் கேட்பதில்லை, கேட்காதவர்களிடம் நாங்களும் சில நேரம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்" என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டுத் திரும்பினோம்.

நமக்கு ஓதிக்கொடுத்த ஆசிரியப் பெருந்தகையிடம் சென்றோம். இக்கேள்வி புதியதன்று என்றார்கள். முறிந்த எலும்பை நஜிஸான எலும்பால் இணைப்பது பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியுள்ளார்கள். தூய பொருள் கிடைக்காதவருக்கு அதில் மன்னிப்புண்டு. தூயது கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு நஜிஸை நாடுவதற்கு இடமில்லை. ஹனஃபீ மத்ஹபில் பன்றி நீங்கலான பிராணிகளின் எலும்பு, அதில் கொழுப்புப் பிசுக்கு இல்லாதபோது, தூயதே. பல் மருத்துவத்தில் பயன்படும் மாட்டெலும்புத் துகளிலோ கொழுப்பும் புரதமும் நீக்கப்பட்டுவிடுகின்றன. தன் உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பதை 1988-இல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹு பேரவை, நன்மை மிகும்போது கூடும் என்று தீர்மானித்தது. மூலப்பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்று கொண்டு, 1995-இல் குவைத்தில் கூடிய அறிஞர்கள் ஜெலட்டின் விஷயத்தில் சலுகை கூறினார்கள். அதனை ஏற்காதோரும் உளர். இவற்றையெல்லாம் எடுத்துரைத்த ஆசிரியர், இறுதியில் ஒன்றையே கேட்டார்கள்: "மாற்றுப் பொருள் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டீரா?" கேட்கவில்லை என்று தலைகுனிந்தோம்.

மாற்றுப் பொருள் இருந்தது. மீனின் கொலாஜனால் ஆன சவ்வு சென்னையிலேயே தயாராகிறது. மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் வேறுபாடில்லை. "இது சற்று விரைவில் கரையும், இரண்டடுக்காக வைக்கிறேன்" என்றார் மருத்துவர். நமது தாடையிலிருந்தே சுரண்டியெடுத்த எலும்பை மாட்டெலும்புத் துகளோடு கலந்து நிரப்பினார். அதற்கு முன்னதாக, சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார். சர்க்கரை மிகுந்த உடலில் காயமும் எலும்பும் ஆறுவது தாமதமாகும். அஸருக்குப் பின் பருகும் தேநீரில் அன்றுமுதல் சர்க்கரையில்லை.

ஆறு மாதம் காத்திருந்தோம். பின்னர் உள்வைப்பு. அது எலும்போடு ஒன்ற மேலும் நான்கு மாதம். அந்நாட்களில், கருவில் எலும்பு அமைவதையும் அதற்குத் தசை போர்த்தப்படுவதையும் கூறும் ஸூரத்துல் முஃமினூனின் வசனத்தைப் பலமுறை ஓதினோம். மருத்துவத்தைக் கொண்டு வேதத்தை மெய்ப்பிப்பது நமது நோக்கமன்று. அதற்கு அத்தேவை இல்லை. நம்முள் நமக்குத் தெரியாமல் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வே போதுமானதாயிருந்தது.

இன்று பல் உறுதியாக நிற்கிறது. அது நிலையாகப் பொருந்தியிருப்பதால் உளூவுக்கோ குளிப்புக்கோ கழற்ற வேண்டியதில்லை. வாய் கொப்பளித்தால் போதும். மிஸ்வாக்கும் பிரஷும் முன்னைவிட முறையாகச் செய்கிறோம். உள்வைப்பைச் சுற்றி அழுக்குச் சேர்ந்து அழற்சி ஏற்பட்டால், வளர்ந்த எலும்பு மீண்டும் கரைந்துவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

அன்பர்களே! பல் எடுக்க நேர்ந்தால் அடுத்தது என்ன என்பதை அன்றே கேளுங்கள். சில வேளைகளில் எடுத்த அன்றே குழியைக் காக்கும் சிகிச்சையும் செய்ய இயலும். சவ்வோ துகளோ வைப்பதாகச் சொன்னால், அது எதனால் ஆனது, மாற்று உண்டா என்று வெட்கமின்றிக் கேளுங்கள். மார்க்க ஐயம் எழுந்தால் ஆலிமிடம் செல்லுங்கள். ஐயத்தையே காரணமாக்கிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நமக்கு அந்த இரு கேள்விகளையும் கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட்காதிருந்தது ஒன்றரை ஆண்டு.

அந்தச் சிறுவனின் 'ஸா' இன்னும் முழுமையாகத் திருந்தவில்லை. நாள்தோறும் மஃரிபுக்குப் பின் அவனை அருகில் அமர்த்தி, நம் வாயைப் பார்த்து ஓதச் செய்கிறோம். இழந்த எலும்பு பத்து மாதத்தில் திரும்பியது. பிள்ளையின் நாவில் நாம் பதித்த பிழை அதைவிட ஆழமாக வேரூன்றிவிட்டது. அதனையும் வல்லோன் அல்லாஹ் சீராக்கித் தருவானாக! நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், கேட்டறியும் துணிவையும் அருள்வானாக! ஆமீன்.