பூநகரிக் கோட்டைக்குப் போன மிசின்பெட்டி

துணுக்காய்ப் பெடியளுக்குக் கோட்டை என்றால் சரித்திரப் புத்தகத்தில் உள்ள ஒரு மங்கல் படம். குளம், காடு, வயல் என்று வளர்ந்த எங்களுக்கு மதிலும் கொத்தளமும் எங்கே தெரியும்? எண்பதுகளின் தொடக்கம். சிறுபோக அரிவிவெட்டும் சூடடிப்பும் முடிந்து மிசின்கள் சும்மா நின்ற நேரம். பூநகரிக் கோட்டையைப் பார்ப்போம் என்று ஒருவன் எடுத்துவிட, தகப்பனிடம் உழவு மிசின் கேட்டு வாங்கும் தைரியம் மல்லாவிக்காரனுக்கு இருந்தது. டீசல் காசுக்கு எல்லோரும் பங்கு போட்டோம்.

விடியமுன் வெளிக்கிட்டோம். பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கு. குளத்துத் தாமரையிலையில் அம்மா கட்டித் தந்த சோறும் கத்தரிக்காய்ப் பிரட்டலும். வெள்ளாங்குளம் சந்தியில் தேத்தண்ணியும் வாய்ப்பனும். பிறகு முழங்காவில், பல்லவராயன்கட்டு. றோட்டா அது! குலுங்கிய குலுக்கலில் பாடிக்கொண்டு வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மண்டைக்கல்லாறு வெறும் மணலாய்க் கிடந்தது. பனைகள் நெருங்க நெருங்க உப்புக்காற்று முகத்தில் அடித்தது. காட்டுப் பெடியளுக்கு அந்தக் காற்றே ஒரு விருந்து.

கோட்டையைக் கண்டதும் மிசின் ஓட்டியவன் சொன்னான்: "இதுதானோடா? எங்கட சங்கக் களஞ்சியம் இதைவிடப் பெரிசு."

சொன்னதில் பிழையில்லை. யாழ்ப்பாணக் கோட்டையோடு ஒப்பிட்டால் இது ஒரு முற்றம். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்த சதுரம். எதிரெதிர் மூலைகளில் மட்டும் இரண்டு கொத்தளங்கள். ஆங்கிலேயர் 1805இல் இங்கே ஒரு வாடிவீடு கட்டினார்கள். நாங்கள் மதிலில் ஏறி ஒல்லாந்தரும் வன்னியருமாய்ப் பிரிந்து சண்டை பிடித்தோம். வன்னியராக எல்லோருக்கும் ஆசை, ஒல்லாந்தராக ஆளில்லை. அந்த வழியால் மாடு சாய்த்துக்கொண்டு போன ஒரு ஐயா, "விழுந்திடாதையுங்கோ தம்பியவை, கல்லு உக்கிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். ஏன் வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேட்காமைதான் இன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குடாநாட்டிலிருந்து கடல்நீரேரியைக் கடந்து பெருநிலத்துக்கு வருகிறவனையும் போகிறவனையும் கண்காணிக்க வசதியான இடம் பூநகரி. ஒல்லாந்தர் காவற்படை வைத்தார்கள். பிறகு எங்கள் காலத்தில் இராணுவம் முகாம் போட்டது. 1993 நவம்பரில் புலிகள் அதைத் தாக்கினார்கள். 2006இல் பூநகரிப் பக்கமிருந்து பலாலியை நோக்கிப் புலிகளின் பீரங்கிகள் முழங்கின. 2008 நவம்பரில் மறுபடி இராணுவம். அதே ஆண்டு எங்கள் துணுக்காயும் வெறுமையானது. சனம் கிழக்கே கிழக்கே நகர்ந்தது, பெட்டி நிறையச் சாமானோடு. மிசின்பெட்டியில் உல்லாசமாய்ப் போன தலைமுறைதான் அதே பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.

அன்று வந்தவர்களில் ஒருவன் ரொறன்ரோவில் இருக்கிறான். பாடியவன் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு வரவில்லை. மிசின்காரனின் வயல் இன்றும் விதைக்கப்படுகிறது, வேறொருவர் குத்தகைக்கு.

பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993இல் எழுதிய 'பூநகரி தொல்பொருளாய்வு' நூலை நான் படித்தது மிகப் பிந்தி. வெள்ளைக்காரர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே அந்த மண்ணில் மனிதர் குடியிருந்த தடயங்கள் அதில் உண்டு. எங்களுக்குப் பள்ளியில் அதைச் சொல்லித் தரவில்லை. கோட்டை கட்டியவன் பேரைத்தான் பாடமாக்கினோம்.

2011 தையில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின், வாகனம் ஏற்றும் பாதைக்குக் காத்துக் கிடக்கும் வேலை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகிறவர்கள் பூநகரியைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறார்கள். ஒருமுறை இறங்கிப் பாருங்கள். சின்னக் கோட்டைதான், சுற்றிவர அரைமணித்தியாலம் போதும். மதிலில் மட்டும் ஏறாதீர்கள். கல் அப்போதே உக்கியிருந்தது.