ஆட்டம் இருக்கா... பார்த்துட்டு ஏறுங்க!

டார்ஜிலிங் டூர்னா என்ன பண்ணுவீங்க? பொம்மை ரயில், டைகர் ஹில் சூரிய உதயம், நாலு ஸ்வெட்டர்... அவ்வளவுதானே? கூடவே ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா கையில வெச்சுக்கங்க பாஸ்! அங்கேயிருந்து சுமார் 26 கிலோமீட்டர்ல, நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்சாங்னு ஒரு குட்டி ஊர். அங்கே உங்களைச் சுமக்கக் காத்திருக்கிறவங்களுக்கு உங்க தாத்தா வயசு!

ஆமாங்க... எல்லாம் 1950-கள்ல இங்கிலாந்துல தயாரான லேண்ட்ரோவர் ஜீப்புகள். இப்போ பொலீரோக்களும் ஓடுது. ஆனா, கெத்து என்னவோ தாத்தாக்களுக்குத்தான்!

மேற்கு வங்கத்தோட உச்சி, 3,636 மீட்டர் உயர சந்தக்ஃபூ. மானேபஞ்சாங்லேர்ந்து சுமார் 31 கிலோமீட்டர். தூரம் கம்மிதான்... ஆனா செங்குத்து ஏத்தம், அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவு, ஓரத்துல பள்ளம். பவர் ஸ்டீயரிங்? மூச்! எல்லாம் டிரைவரோட தோள் பலம்தான்.

இந்த வண்டிகள்ல பலதுக்கு இன்ஜினையே மாத்தியாச்சு. இன்ஜின் மக்கர் பண்ணினா வண்டி நிக்கும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் மக்கர் பண்ணினா..? அதான் ஸ்டீயரிங் பாக்ஸ் மேல ஒரு கண் வேணும்ங்கறது.

உள்ளே விஷயம் சிம்பிள். ஸ்டீயரிங் தண்டோட அடியில ஒரு மரை. அதுமேல ஒரு நட்டு. நடுவுல ஸ்டீல் குண்டுகள் உருளும். நீங்க திருப்பற திருப்பு, டிராப் ஆர்ம் வழியா வெளியே வந்து, ரிலே, ராடுனு பல கை மாறி சக்கரத்துக்குப் போகும். வருஷக்கணக்கா ஓடினா குண்டும் மரையும் தேயும். ஸ்டீயரிங்கைத் திருப்புவீங்க... சக்கரம் சும்மா இருக்கும். இதுதான் ஆட்டம்.

உடனே பாக்ஸைக் கழட்டக் கூடாது. ஆறு பால் ஜாயின்ட் இருக்கு, ரிலே இருக்கு. குற்றவாளி அதுல ஒண்ணாவும் இருக்கலாம். ஒருத்தர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டணும், இன்னொருத்தர் கீழே படுத்துப் பார்க்கணும்.

பாக்ஸ்தான் காரணமா? அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கேன்னு இறுக்கிட்டே போகாதீங்க. நேரா ஓடற இடத்துலதான் தேய்மானம் அதிகம். அந்த ஆட்டம் போற அளவு இறுக்கினா, வளைவுல திருப்பும்போது பிடிச்சுக்கும். மலையில அது வம்பு! அப்போ பாக்ஸை மாத்தறதுதான் வழி.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. தண்டும் பாக்ஸும் ஒரே பீஸ். அதனால மட்கார்டைக் கழட்டணும். டிராப் ஆர்ம் துருப்பிடிச்சு உட்கார்ந்திருக்கும். சுத்தியலால அடிக்காம புல்லர் போட்டு இழுக்கணும். புது பாக்ஸை மாட்டினதும் ஒரு கோடியிலேர்ந்து மறுகோடி வரை எத்தனை சுத்துன்னு எண்ணி, சரிபாதியில நிறுத்தி, சக்கரத்தை நேரா வெச்ச பிறகுதான் ஆர்மைப் பூட்டணும். இதைக் கோட்டை விட்டா வண்டி ஒரு பக்கம் நல்லா வளையும், மறுபக்கம் வளையாது. கொண்டை ஊசியில, பள்ளத்துப் பக்கம் ரிவர்ஸ் எடுக்க ரெடியா நீங்க?

சரி, சும்மா சவாரி போற நமக்கு என்ன வேலை? இருக்கு! ஏறறதுக்கு முன்னால, ‘தாஜூ’ன்னு கூப்பிடுங்க. நேபாளியில அண்ணன்னு அர்த்தம். பர்மிஷன் கேட்டு, சக்கரம் நேரா இருக்கும்போது ஸ்டீயரிங்கை லேசா அசைச்சுப் பாருங்க. ரெண்டு விரல் அகலத்துக்குள்ள சக்கரம் அசைஞ்சா, ஓகே. கையகலம் சும்மா ஆடினா..? ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த வண்டியைப் பாருங்க. எந்த ஊர் மலை ஜீப்புக்கும் இதே ரூல்தான்.

ஜூன் பாதியிலேர்ந்து செப்டம்பர் பாதி வரை சிங்கலிலா தேசியப் பூங்கா மூடியிருக்கும். அக்டோபர், நவம்பர் பெஸ்ட். வானம் தெளிவா இருந்தா எவரெஸ்ட்டும் கஞ்சன்ஜங்காவும் ஒரே இடத்துலேர்ந்து தரிசனம். ஸ்வெட்டரை மறக்காதீங்க... ஸ்டீயரிங்கையும்தான்!