மாமனாரின் தறிச்சொற்களும் ஒரு ஒண்டுக்குடித்தனமும்



பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, விசாரித்தவர்களுக்கு நன்றி. கணினிக்குள் இன்னொரு கணினியைக் குடிவைக்கும் வேலையில் இருந்தேன்.

என் மாமனார் இங்கே கொசப்பாளையத்தில் குழித்தறியில் பட்டு நெய்தவர் என்பது உறவினர்களுக்குத் தெரியும். 2003 கோடை விடுமுறையில் என் மனைவி அவரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல நெசவுச் சொற்களைக் கணினியில் தட்டினாள். அவளும் டீச்சர் அல்லவா, அகர வரிசையில்தான் கேட்பாள். "அ-வில் என்னப்பா இருக்கு?" அவர், "தறியில ஏதும்மா அ, ஆ?" என்பார். நான் எட்டிப் பார்த்ததோடு சரி. இன்று இருவரும் இல்லை. போன மாதம் மகள் கேட்டாள்: "அப்பா, அம்மா டைப் பண்ணினது எங்கே?"

பரண் மேல் இருந்த பழைய கணினி உயிர் பிழைக்கவில்லை. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்தது. கோப்பு கிடைத்தது, ஆனால் திறக்கவில்லை. அது அந்தக் காலத் தமிழ்ச் செயலி ஒன்றின் சொந்த வடிவத்தில் இருந்தது. அதை நிறுவும் நிரலோ 16 பிட். இப்போதைய 64 பிட் விண்டோஸ் அதை வாசற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

2001-ல் என்னிடம் பத்தாவது படித்த, கடைசி பெஞ்சுத் தம்பி ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். போன் செய்தேன். "சார், பழைய கம்ப்யூட்டரைத் தேடாதீங்க. விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கலாம்" என்றார். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள், ஆரக்கிள் நிறுவனம் இலவசமாகத் தருகிறது. ஐ.பி.எம். பெரிய கணினிகளில் 1960-களிலேயே செய்துபார்த்த வித்தையாம் இது.

நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். இது ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் விண்டோஸ் 10. அவர் ஓர் அறையைத் தடுத்து விண்டோஸ் எக்ஸ்பியை வாடகைக்கு வைக்கிறார். குடித்தனக்காரருக்குத் தனி வீட்டில் இருப்பதாகவே நினைப்பு. அவருடைய ஹார்டு டிஸ்க் என்பது வீட்டுக்காரர் கணக்கில் ஒரே ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

முதல் நாள் ஓடவே இல்லை. பயாஸில் போய் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதியை இயக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள், தாராள மனதோடு என்னிடமிருந்த 8 ஜி.பி. நினைவகத்தில் 6-ஐக் குடித்தனக்காரருக்கு எழுதிவைத்துவிட்டேன். வீட்டுக்காரர் திண்ணைக்கு வந்துவிட்டார், எலி கூட நகரவில்லை. எக்ஸ்பிக்கு 1 ஜி.பி.யே ராஜவாழ்வு என்று தம்பி சிரித்தார். வகுப்பில் நான் அவரை எத்தனை முறை முட்டிபோட வைத்தேனோ!

அவர் சொன்ன இரண்டு விஷயங்களை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிக்கு இணைய இணைப்புக் கொடுக்காதீர்கள். 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான பாதுகாப்பை நிறுத்திவிட்டது. எதையும் நிறுவுவதற்கு முன் 'ஸ்னாப்ஷாட்' எடுங்கள். கெடுத்துக்கொண்டாலும் அந்த நொடிக்கே திரும்பலாம். நான் நான்கு முறை திரும்பினேன்.

பகிர்வுக் கோப்புறை வழியாகக் கோப்பை உள்ளே அனுப்பினேன். பழைய செயலி எழுந்தது, அதே நீலப் பட்டையோடு. கோப்பும் திறந்தது.

வெளியே எடுத்தால் எழுத்தெல்லாம் ஐரோப்பியக் கிறுக்கல். அப்போதெல்லாம் ஆளுக்கொரு குறிமுறை. 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று வகுத்தார்கள், 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது. நல்லவேளை, என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாற்றிக் கொடுத்துவிட்டது.

அச்சு, ஊடை, தார், நாடா, பண்ணை... ஒவ்வொன்றுக்கும் மாமனார் பேச்சிலேயே விளக்கம். "பாவு பிணைத்தல்" என்ற இடத்தில் இப்படி இருக்கிறது: "பழைய பாவு தீர்ந்துடுச்சுன்னு அறுத்துப் போட்டுடக் கூடாது. அந்த நுனியோட புதுசை ஒவ்வொரு இழையா முறுக்கிச் சேர்க்கணும். இல்லன்னா விழுதுலயும் பண்ணையிலயும் மொதல்லேர்ந்து கோக்கணும்."

அதற்கு அடுத்த வரி மாமனாருடையது இல்லை. "அப்பாவுக்கு இருமல். மீதி நாளைக்கு."

கோப்பு அங்கேயே நிற்கிறது. முந்தி, விழுது, ஜரிகை எதற்கும் விளக்கம் இல்லை. ஆரணியில் இன்னும் தறியில் உட்காரும் சித்தப்பாக்கள், அத்தைகள், மாணவர்களின் பெற்றோர் யாராவது ப-வுக்கு மேல் உள்ள சொற்களைச் சொன்னால் நான் தட்டிக்கொள்கிறேன். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. அகர வரிசையில் சொல்ல வேண்டியதில்லை.