வெயில் வந்த முதல் நாள்

பிப்ரவரி மாதத்தில் காஷ்மீரின் குல்மார்க் கண்விழிப்பதே ஒரு கேள்வியோடுதான்: இரண்டாம் கட்டம் இன்று திறக்குமா? தேநீர்க் கடையிலும் ஸ்கீ வாடகைக் கடை வாசலிலும் கொண்டோலாச் சீட்டு வாங்கும் வரிசையிலும் இதே பேச்சு. கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் குல்மார்க் புல்வெளியிலிருந்து கொங்டூரி வரை போகும், 1998இல் வந்தது. கொங்டூரியிலிருந்து அபர்வட் மலையின் தோள் வரை ஏறும் இரண்டாம் கட்டம் 2005இல் சேர்ந்தது. சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 3,900 மீட்டருக்கு மேலே கம்பிவடத்தில் உட்கார்ந்தபடியே போய்விடலாம். ஒரு நாள் முழுக்க மூச்சிரைக்க ஏறவேண்டிய உயரம் சீட்டுக் காசுக்குக் கிடைக்கிறது. இறங்குவதற்கு மட்டும் அவரவர் கால்கள்தான்.

நான் போயிருந்த வாரத்தில் பனி ராப்பகலாகக் கொட்டி ஓய்ந்திருந்தது. பனிச்சறுக்குப் படம் எடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரோடு சுற்றுவதாக ஏற்பாடு. தங்மார்க் பக்கத்துக் கிராமத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர். அவருடைய தந்தை கோடையில் குதிரைக்காரர். குளிர்காலத்தில் சுற்றுலாப் பயணிகளை மரச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தவர். மகன் பள்ளி விடுமுறையில் வெளிநாட்டவரின் ஸ்கீக்களைச் சுமந்தார். ஊருக்குப் போகும் ஒருவர் விட்டுச்சென்ற பழைய ஸ்கீயில், தன் காலுக்குப் பெரிதான பூட்ஸுக்குள் துணியை அடைத்துக்கொண்டு, விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். பிறகு வழிகாட்டி ஆனார். காமிரா கைக்கு வந்தது அதற்கும் பிறகுதான். இந்த வரிசை முக்கியமானது. சமவெளியில் காமிராவைப் பழகிய எத்தனையோ திறமைசாலிகள் இங்கே வந்து கொண்டோலா நிலையத்தின் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். இது முதலில் கால்களின் தொழில். சறுக்குபவர் எந்தச் சரிவில் இறங்குகிறாரோ அதே சரிவில், முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ மூட்டையோடு, அவருக்கு முன்பே இறங்கிப்போய்க் காத்திருக்கத் தெரியவேண்டும்.

அன்று வானம் ஒரு மேகத் துணுக்கு இல்லாமல் வெளுத்திருந்தது. வடக்கே நங்க பர்பத் சிகரம் தெரிந்தது. கிழக்கைப் பார்த்த அபர்வட் சரிவு முழுவதும் காலை வெயில். ஒரு கால்தடம்கூட இல்லை. அவர் உடனே கிளம்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ புகாரி அடுப்பருகே பெரன் அங்கிக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, உப்புத் தேநீரை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்றைக்குத் திறந்தவெளிச் சரிவு கிடையாது, சார். மரங்களுக்குள் போகலாம்.”

காரணத்தை அபாய அறிவிப்புப் பலகை சொன்னது. ஸ்கீ ரோந்துக் குழுவினர் பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரையிலான நிலைகளாக அறிவிக்கிறார்கள். உலகெங்கும் பனிமலைகளில் ஏறக்குறைய இதே அளவுகோல்தான். அன்று நான்கு. நான்கு, ஐந்து என்றால் புதியவர்களும் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். கொல்வது மூன்று. ஐரோப்பாவில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாள்களில்தான் இறக்கிறார்கள். புயல் முடிந்திருக்கும், வெயில் அடித்திருக்கும், பனி முழங்காலளவு மெத்தென்று கிடக்கும், பயம் தெளிந்திருக்கும். படம் எடுப்பவருக்கு வேண்டியதும் இவை எல்லாம்தான். படத்துக்கு ஆகச்சிறந்த நாள், மலை இன்னும் நிலைகொள்ளாத நாள். இந்தத் தொழிலின் மையச் சிக்கல் இது என்பது என் எண்ணம். லென்ஸ், ஒளி பற்றிய பேச்செல்லாம் இதற்கு அப்புறம்.

பனி ஒரே நாளில் விழுந்த ஒற்றைப் பொருள் அல்ல. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் குறைவாகப் பெய்து, பிறகு வாரக்கணக்கில் வறண்ட கடுங்குளிர் நிலவினால், தரையோடு ஒட்டிய பனி உருமாறிவிடுகிறது. கீழே மண் ஏறக்குறையப் பூஜ்ஜிய டிகிரி, மேற்பரப்போ அதைவிட மிகக் குளிர்ந்தது. இந்த வேறுபாட்டில் நீராவி மேல்நோக்கிப் பயணித்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பெரும் படிகங்களாக வளர்த்துவிடும். கையில் அள்ளினால் சர்க்கரைபோல விரலிடுக்கில் வழியும். அதன் மேல் ஜனவரியும் பிப்ரவரியும் மீட்டர் கணக்கில் பனியை ஏற்றுகின்றன. காற்று தன் பங்குக்கு மலைமுகட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கச் சரிவில் கொண்டுவந்து கெட்டியான பலகையாக இறக்கிவைக்கிறது. வலுவற்ற அடித்தளத்தின் மேல் கனத்த பலகை. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் இந்த ஏற்பாடு இருந்தால், ஒரு மனிதரின் எடை போதும். சறுக்குவதற்கு அருமையாக இருக்கும் சாய்வும் அதேதான்.

கொங்டூரிக்கு மேலே, மரங்கள் முடியும் இடத்தில், ஆபத்தில்லாத ஒரு சிறு மேட்டில் அவர் குழி தோண்டினார். கூடவே அன்று படத்துக்காகச் சறுக்க வந்திருந்த இளைஞரும் மண்வெட்டியை எடுத்தார். இடுப்பளவு ஆழம் போனதும் குழியின் சுவரைச் செதுக்கிச் சீராக்கி, கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் சுலபமாக உள்ளே போனது. “இது டிசம்பர்ப் பனி,” என்றார். பிறகு முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணை அறுத்துத் தனியாக நிறுத்தினார்கள். அதன் தலையில் மண்வெட்டியின் தட்டை வைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. அடுத்து முழங்கையிலிருந்து பத்து. கடைசியாகத் தோளிலிருந்து பத்து. முப்பதையும் தாங்கினால் நல்லது. அன்றைய தூண் முழங்கைத் தட்டின் தொடக்கத்திலேயே, அந்த டிசம்பர் அடுக்கில், அரிவாளால் வெட்டிய மாதிரி நேராக உடைந்து எங்கள் பக்கம் நழுவி விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறிப்பேட்டில் உயரம், சரிவின் திசை, அடுக்கின் ஆழம் மூன்றையும் எழுதிவிட்டுக் குழியை மூடினார்கள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். காமிரா இன்னும் பைக்குள்தான் இருந்தது.

இந்த எச்சரிக்கை புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில், ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியின் பயிற்சியின்போது பனிச்சரிவு மோதி 17 வீரர்கள் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் அபர்வட்டில் போலந்து நாட்டவர் இருவர்; அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். புதையுண்டவர்களைத் தோண்டி எடுக்க ஓடிய உள்ளூர்க்காரர்களின் கைகள் இன்றும் இங்கே ஸ்கீ கட்டிவிடுகின்றன, தேநீர் ஊற்றுகின்றன. பனிக்கடியில் மாட்டியவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பின் மளமளவென்று சரியும். எந்த ஹெலிகாப்டரும் அந்த நேரத்துக்குள் வந்து சேராது. கூட வந்தவர்தான் காப்பாற்றவேண்டும். அதனால்தான் ஒவ்வொருவர் உடலிலும் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி, பையில் மடக்குக் கம்பி, மண்வெட்டி. காலையில் கிளம்பும்போது ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பது இங்கே வணக்கம் சொல்வதற்குச் சமமான பழக்கம்.

மரக்காட்டுக்குள் இறங்கினோம். நான் தடவித் தடவி, அவர்கள் நீரோட்டத்தில் போவதுபோல. மேலே வெள்ளைப் பட்டையுள்ள பூர்ஜ மரங்கள், கீழே வரவரத் தேவதாரு வகை மரங்களின் இருள். மேகமூட்டமான நாள்களிலும் படக்காரர்கள் இங்கேதான் வருவார்கள். நிழலே விழாத வெள்ளை வெளியில் மேடு பள்ளம் தெரியாது, மரத்தண்டுகள் இருந்தால் கண்ணுக்கும் காமிராவுக்கும் பிடிமானம் கிடைக்கும். அன்று வெயில் கிளைகளுக்கிடையே சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஓரிடத்தில் நின்று சூரியனைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், பிறகு பக்கவாட்டுத் திட்டு ஒன்றின் மேல் ஏறிக்கொண்டார். நேர் கீழே நின்றால் படம் இன்னும் கம்பீரமாக வரும். சரிவு பெயர்ந்தால் வந்து சேர்வதும் நேர் கீழேதான். எனவே எப்போதும் பக்கவாட்டு முகடு. சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.

வாக்கிடாக்கியில் பேச்சு தொடங்கியது. சாய்ந்த மரத்துக்கு இரண்டு கஜம் வலப்பக்கம் இடது திருப்பம். அங்கேதான் வெயில் விழுகிறது. பனித்தூள் சூரியனை நோக்கித் தெறிக்கவேண்டும், முகம் காமிராவைப் பார்க்கவேண்டும். இளைஞர் மேலிருந்து ஒரு கேள்வி கேட்டார்: வேகம் முழுதாகவா, முக்காலா? முக்கால் என்று பதில் போனது. இருவரும் ஒரே இடத்தை மனத்தில் குறித்துக்கொண்ட பிறகு, படக்காரர் அந்த இடத்தில் முன்கூட்டியே குவியத்தைப் பூட்டினார். தானியங்கிக் குவியத்தை நம்பினால் முன்னால் பறக்கும் பனித்தூளைப் பிடித்துக்கொண்டு மனிதரை விட்டுவிடும். ஷட்டர் திறந்திருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். வெளிச்ச அளவு ஒன்றரை ஸ்டாப் கூட்டல், ஏனென்றால் காமிராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதன் போக்கில் விட்டால் பனி அழுக்குத் துணி நிறத்துக்கு வந்துவிடும்.

மேலிருந்து மூன்று எண்ணிக்கை. கிளைகள் சலசலத்தன, நீலச் சட்டை ஒன்று வெயிலுக்குள் வந்து திரும்பி மறைந்தது. அவ்வளவுதான். மறுபடி எடுக்க முடியாது. சறுக்கிய தடம் பனியில் பதிந்துவிட்டது. அடுத்த பனிப்பொழிவு வரை அந்த இடம் முடிந்துபோன இடம். சினிமாக்காரர்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு இவர்களுக்கு இல்லை. அதனால்தான் சறுக்குபவரைப் படத்தின் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில், அந்த வெயில் துண்டுக்குள், உடலை எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது என்பதைக் கால் நொடியில் செய்து முடிப்பவர் அவர். படத்தில் பாதி அவருடையது. அச்சில் வரும்போது எடுத்தவர் பெயர் மட்டும் வருகிறது. இது மாறவேண்டும்.

குளிரோடு செய்யும் வேலை தனி. பேட்டரிகள் உள்சட்டைப் பையில், நெஞ்சுச் சூட்டில். வெளியே எடுத்து மாட்டிய சிறிது நேரத்தில் சக்தி இறங்கிவிடும், மறுபடி சூட்டுக்குள் போட்டால் கொஞ்சம் மீளும். காமிராவை முகத்தருகே கொண்டுபோகும்போது அவர் மூச்சை அடக்குகிறார். விட்டால் கண்ணாடியில் உறைந்துவிடும். மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் தடித்த கையுறை ஒன்று. மேலுறையைக் கழற்றி எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் விரல்கள் விலை கொடுக்கின்றன. அவருடைய வலதுகை ஆள்காட்டி விரலின் நுனி எப்போதும் வெளிறியே இருக்கிறது. சாயங்காலம் அறைக்குள் நுழையுமுன் காமிராவைப் பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டிவிடுவார். புகாரியின் வெப்பத்தில் ஈரம் பையின் மேல்தான் படியும், லென்ஸுக்குள் போகாது.

குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு ஆங்கிலேய அதிகாரிகளோடு வந்தது. 1927இல் இங்கே இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் அப்போது சுமைதூக்கிகள். இப்போது அவர்களே வழிகாட்டிகள், பயிற்சியாளர்கள், ரோந்துக் குழுவினர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடியேந்திச் சென்ற ஆரிஃப் கான் இந்தத் தங்மார்க் பகுதிக்காரர்தான். ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45ஆவது இடம். இந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாத சிறுவன் இல்லை.

ஆனால் பனி முன்போல நம்பகமாக வருவதில்லை. கடுங்குளிரின் நாற்பது நாள்களான சில்லை கலான், டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை, ஒரு காலத்தில் பனியின் உறுதியான பருவம். 2024இல் அதன் பெரும்பகுதி பனியில்லாமலே கழிந்தது. குல்மார்க் புல்வெளி ஜனவரியில் பழுப்பாகக் கிடந்தது. 2025இல் பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். சில வாரங்களில் ஆண்டு வருமானத்தைச் சேர்க்கும் குடும்பங்களுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை. இன்னொரு கேடும் உண்டு. தாமதமாக வரும் பனி, வறண்ட குளிரில் கெட்டுப்போன மெல்லிய அடுக்கின் மேல் ஒரேயடியாக விழுகிறது. பனி குறைந்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்று நினைத்துவிடக் கூடாது.

படங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஆயிரமாயிரம் பேர் இந்தச் சரிவுகளுக்கு வருகிறார்கள். நீலவானம், தொடப்படாத வெள்ளை, நடுவில் ஒரு மனிதர். தோண்டிய குழியோ உடைந்த தூணோ அதில் இல்லை. படத்தின் அடியில் அன்றைய அபாய நிலையையும் சரிவின் திசையையும் போடும் வழக்கம் வரவேண்டும் என்று நான் வலுவாக நினைக்கிறேன். அவர் போடுகிறார். வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்த வரியை நீக்கிவிடுகிறார்கள்.

அன்றிரவு அவர் வீட்டில் மடிக்கணினி முன் உட்கார்ந்து படங்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது, குளிராடை விற்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுக்கு வேண்டியது திறந்தவெளிச் சரிவும் பின்னால் நங்க பர்பத்தும். வானம் தெளிவாக இருந்ததாமே, ஏன் எடுக்கவில்லை?

“எடுக்கலாம். இன்னும் சில நாள் போகவேண்டும், பனி உட்காரவேண்டும்,” என்றார். விளம்பரம் அதற்குள் போயாகவேண்டும் என்றார்கள். அவர் குழியில் கண்டதைச் சொன்னார். எதிர்முனைக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. குரலை உயர்த்தாமல் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். கடைசியில் மரக்காட்டுப் படங்களைப் பாதித் தொகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டார். பணம் வந்ததும், அதில் சரிபாதியைச் சறுக்கிய இளைஞருக்கு அனுப்பிவிட்டு, அவருடைய பெயரை எப்படி எழுதவேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுத்துக்கூட்டி ஒரு செய்தியும் அனுப்பினார்.